காலை ரத்தமும் பிற்பகல் ரத்தமும்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் சென்ற வாரம் என்னை அழைத்து, இத்தனை வருட வேலையில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். அன்று நேரம் போதவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றாக நடந்தவையெல்லாம் கட்டுரைகளாக அச்சில் இருக்கின்றன, தேடிப் படித்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது தவறாக நடந்த ஒன்று. அதில் என் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்களில் சிலர் வேறு துறையிலிருந்து வந்திருப்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். முழங்காலில் இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் அவற்றின் முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான வெள்ளைப் பொருள்தான் குருத்தெலும்பு. அதில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் தேயத் தொடங்கும்போது அது யாரிடமும் முறையிடுவதில்லை. எக்ஸ்ரேயிலும் அது தெரியாது. எலும்புகளுக்கு இடையே உள்ள வெளிதான் தெரியும். அந்த இடைவெளி குறைந்துவிட்டது, மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லும் நாளில் குருத்தெலும்பில் பெரும்பகுதி போயிருக்கும். போனது திரும்ப வளராது.

அதனால்தான் எங்களுக்கு ஓர் ஆசை இருந்தது. குருத்தெலும்பு சிதையும்போது அதிலுள்ள ஒரு புரதம் துண்டு துண்டாக ரத்தத்தில் கலக்கிறது. அதை அளந்தால், வலி வருவதற்கு முன்பே, எக்ஸ்ரேயில் தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே நோயைப் பிடித்துவிடலாம் அல்லவா? தஞ்சாவூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடவு வேலை செய்யும் பெண்கள் முழங்கால் வலியோடு மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். சேற்றில் குனிந்து நிற்பதும், காலை உருவி உருவிப் பின்னால் வைப்பதும் மூட்டுக்கு எவ்வளவு பாரம் என்று சொல்லத் தேவையில்லை. எலும்பு மூட்டுப் பேராசிரியர் ஒருவர் தலைமையில் திட்டம் தொடங்கியது. ரத்தத்தை அளக்கும் பொறுப்பு என்னுடையது. நான் உயிர்வேதியியல் படித்தவள், மருத்துவர் அல்ல. ஆனாலும் ஊரில் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன்.

திருவையாற்றுப் பக்கம் நாலு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தோம். புரட்டாசியில் சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டோம். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று மணி வரை வருகிறவர்களிடம் ஜெயந்தி ரத்தம் எடுப்பார். ஜெயந்தி எங்கள் திட்டத்தின் செவிலியர், பேச்சு குறைவு, கை சுத்தம். குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுவருவோம். ஒப்பிட்டுப் பார்க்க, வயல் வேலை செய்யாத அதே வயது நகரத்துப் பெண்களிடமும், அதாவது தையல் வேலை செய்கிறவர்கள், ஆசிரியைகள், கடைகளில் இருப்பவர்களிடமும், மருத்துவமனையில் காலை வேளையில் ரத்தம் எடுத்தோம்.

முடிவு வந்தபோது ஆய்வகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். நடவுப் பெண்களின் ரத்தத்தில் அந்தப் புரதம் நகரத்துப் பெண்களைவிடத் தெளிவாக அதிகம். நாங்கள் எதிர்பார்த்தது அப்படியே வந்திருந்தது. இப்போது யோசிக்கும்போது அங்கேதான் நான் சற்று நின்றிருக்க வேண்டும். எதிர்பாராத விடை வந்திருந்தால் ஒவ்வொரு குழாயையும் மறுபடி சோதித்திருப்பேன். எதிர்பார்த்த விடை வந்ததால் ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிராமத்துப் பெண்களில் பதினோரு பேருக்கு அளவு மிக அதிகமாக இருந்தது. அவர்களிடம் நேரில் போய்ச் சொல்வது என்று முடிவாயிற்று. பேராசிரியருக்கு அறுவை சிகிச்சை நாட்கள். நான் போனேன்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் கலைச்செல்வி. வயது முப்பத்தாறு. இருபது பெண்களைச் சேர்த்து நடவுக்கு அழைத்துப்போவது அவர்தான். எந்த வயலுக்கு எத்தனை பேர், யார் நாற்றுப் பறிப்பது, யார் நடுவது என்று அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது. நான் போனபோது வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை நின்றபடியே கேட்டுக்கொண்டார். குருத்தெலும்பு தேயத் தொடங்கியிருக்கிறது, சேற்றில் குனிந்து செய்யும் வேலையைக் குறைத்துக்கொள்வது நல்லது என்று சொன்னேன்.

“எனக்கு வலியே இல்லீங்களே,” என்றார்.

“வலி வர்றதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கிறதுதாம்மா இந்த டெஸ்ட்டே,” என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் அதற்கு முன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அன்றும் தடங்கலில்லாமல் வந்தது. அதற்குப் பதில் யாரிடமும் இருக்க முடியாது. வலிக்கிறது என்றால் நோய். வலிக்கவில்லை என்றால் ஆரம்ப நிலை நோய். நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கப்போகும் நீங்கள் இந்த ஓர் ஆபத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் சாட்சியத்தை நாம் ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்துவிடலாம். பிறகு நாம் சொல்வது தவறென்று காட்ட அவர் கையில் எதுவும் மிஞ்சாது.

அளவு குறைவாக இருந்தவர்களுக்கு, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அச்சடித்த தாள் ஒன்றை ஜெயந்தி கொடுத்துவிட்டு வந்தார். அப்படித் தாள் வாங்கியவர்களில் ஒருவர் வளர்மதி.

மார்கழி தொடக்கத்தில் ஒரு நாள் முற்பகல் வளர்மதி ஆய்வகத்துக்கு வந்தார். நாற்பது வயதைக் கடந்தவர். மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே நின்றுகொண்டு, ரத்தம் பார்த்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். நான் இறங்கிப் போனேன். இடது முழங்கால் வீங்கியிருந்தது புடவைக்கு மேலேயே தெரிந்தது.

எங்கள் தாளை எடுத்து நீட்டினார். அதைக் காட்டித்தான் வீட்டில் தன்னை, குறுவை அறுத்த வயல்களில் அடுத்து வந்த தளடி நடவுக்கும் அனுப்பினார்கள் என்றார். மூட்டில் ஒன்றுமில்லை என்று டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்த பிறகு என்ன வலி என்று கணவர் கேட்டாராம். வேலைக்கு வர மனசில்லாமல் சாக்குச் சொல்கிறாள் என்று கூட வேலை செய்கிறவர்களும் பேசினார்களாம். இதையெல்லாம் அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. சரிபார்க்க வந்தவர் போலச் சொன்னார். எக்ஸ்ரேயும் எடுத்திருந்தார், அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

“உங்க மெஷின்ல தெரியலைன்னா எனக்கு வலிக்கலைன்னு ஆயிடுமாங்க?” என்று கேட்டார்.

மருத்துவரிடம் காட்டலாம், வாங்க என்று பொதுவாக ஏதோ சொன்னேன். அவர் விடவில்லை.

“கலைச்செல்வி வேலைய விட்டுட்டு திருப்பூருக்குப் போயிடுச்சு, தெரியுங்களா? ஓடியாடி நட்டுக்கிட்டிருந்தவளுக்கு வியாதிங்கறீங்க. எழுந்திரிக்க முடியாம உக்காந்திருந்த எனக்கு ஒண்ணுமில்லங்கறீங்க.”

கலைச்செல்வி ஊரை விட்டுப் போனது எனக்குத் தெரியாது. சேற்று வேலை ஆகாது என்றதும், உட்கார்ந்து செய்யும் வேலை என்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம். ஏழு வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். இதைக் கேட்டபோதும்கூட எனக்கு உறைக்கவில்லை. எப்படியும் அவர் மூட்டுக்கு அது நல்லதுதான் என்றே நினைத்தேன். வளர்மதி சொன்னதில் வேறொரு சொல்தான் என்னை நிறுத்தியது.

“உட்கார்ந்திருந்தேன்னா? முகாம் அன்னைக்கா?”

“ஆமாங்க. ரெண்டு நாளா கால ஊன முடியல. வேலைக்குப் போகல. காலையில மொத ஆளா எங்க வீட்டுக்காரர் வண்டில கொண்டாந்து விட்டுட்டுப் போனார். கலைச்செல்வியெல்லாம் நடவு முடிச்சு மத்தியானத்துக்கு மேல வந்தாங்க. கால்ல சேறுகூடக் காயல.”

அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மேலே போனேன். முகாம் பதிவேட்டை எடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ரத்தம் எடுத்த நேரத்தை ஜெயந்தி எழுதியிருந்தார். அப்படி எழுத வேண்டும் என்று எங்கள் திட்டத்தில் இல்லை, யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. அதுவரை நாங்கள் பட்டியலை ஊர்வாரியாகவும் வயதுவாரியாகவும்தான் பார்த்திருந்தோம். அன்று நேரவாரியாக எழுதிப் பார்த்தேன். ஒன்பது மணி, பத்து மணிக்காரர்களின் அளவுகள் நகரத்துப் பெண்களுடையதைப் போலவே இருந்தன. நேரம் போகப் போக ஏறிக்கொண்டே போயிற்று. எங்கள் பதினோரு பேரும் ஒன்றரை மணிக்குப் பிறகு கையை நீட்டியவர்கள்.

குருத்தெலும்பு பஞ்சு மாதிரி. ரத்தக் குழாய் இல்லாததால், பாரம் ஏறும்போது நீர் பிதுங்கி வெளியேறுவதும் இறங்கும்போது உறிஞ்சிக்கொள்வதும்தான் அதற்குச் சாப்பாடு. ஆரோக்கியமான குருத்தெலும்பும் உழைக்கும்போது அந்தப் புரதத்தைக் கொஞ்சம் வெளியே விடும், ஓய்வெடுத்தால் தணிந்துவிடும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். ஆனால் முகாமை எந்த நேரத்தில் வைப்பது என்று முடிவு செய்த அன்று, நடவுக்குப் போகிறவர்களும் வர வசதியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான் யோசித்தோம்.

நோயாளி நோயாளியாக இருந்ததாலேயே அன்று ஓய்வில் இருந்தார். அவர் அளவு குறைந்தது. திடமானவர் திடமாக இருந்ததாலேயே அன்று உழைத்தார். அவர் அளவு கூடியது. நாங்கள் தேய்மானத்தை அளக்கவில்லை. அவர்கள் அன்று எவ்வளவு வேலை செய்தார்கள் என்பதை அளந்திருக்கிறோம்.

பேராசிரியர் அறுவை அரங்கிலிருந்து வெளியே வரும்வரை காத்திருந்து சொன்னேன். அவர் முகமூடியைக் கழற்றாமலேயே கேட்டுக்கொண்டார். இன்னும் எட்டு நாளில் சென்னையிலிருந்து அரசுக் குழு ஒன்று வருவதாக இருந்தது. எங்கள் சோதனையை டெல்டா முழுவதற்கும் விரிவாக்குவது பற்றி அந்தக் குழு முடிவு செய்ய வேண்டும். இரண்டு வருடம் அதற்காகவே பேராசிரியர் அலைந்திருந்தார். நேரத்தால் வரும் வேறுபாடு சிறியதாக இருக்கலாம், அதை ஒரு குறையாகக் கடைசிப் பக்கத்தில் குறிப்பிட்டுவிட்டு மேலே போகலாம் என்றார். குரல் உயரவில்லை, ஆனால் கோபமாக இருந்தார். இதை முன்பே ஏன் பார்க்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நாலு நாள் கொடுங்க சார், அளந்து பார்த்துவிடலாம் என்றேன். அவர் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

போவதற்கு முன் அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். கீழே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார், அவர் முழங்காலைப் பார்க்க முடியுமா என்று. பார்த்தார். படுக்கவைத்து, மடக்கி, நீட்டி, மூட்டின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். வளர்மதி பல்லைக் கடித்துக்கொண்டார். எங்கள் திட்டத்தில் சேர்ந்து மூன்று மாதமாகியிருந்தது. அவர் முழங்காலை யாராவது தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவரிடம் இருந்த எக்ஸ்ரேயும் படுக்கவைத்து எடுத்தது. நிற்கவைத்து எடுத்தால் தெரியும் இடைவெளிக் குறைவு, பாரம் இல்லாதபோது தெரியாமல் போகலாம். பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில், உள்பக்கத்தில் குருத்தெலும்பு ஒரு நாணய அளவுக்கு மெலிந்திருந்தது. நாங்கள் நாலு கிராமத்தில் தேடிய ஆரம்ப நிலை நோய், எங்கள் வாசலுக்கே பஸ் ஏறி வந்திருந்தது.

மறுநாள் காலை முதல் ஊசி எனக்குத்தான். ஆறு மணிக்கு, வீட்டில் எந்த வேலையும் செய்யாமல் நேரே வந்து உட்கார்ந்து ஜெயந்தியிடம் கையைக் கொடுத்தேன். பிறகு பெரிய கோயில் அகழி ஓரமாக வேகமாக நடந்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல். திரும்பி வந்து மறுபடி ஒரு குழாய். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்காலில் எந்தத் தொந்தரவும் கிடையாது. காலைக் குழாயில் நான் ஆரோக்கியமானவள். இரண்டாவது குழாயின்படி எனக்கு நானே நேரில் போய் ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த நாள் விடியும்போது கிராமத்தில் இருந்தோம். நடவு முடிந்து களை எடுக்கும் பருவம். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, களை எடுத்துவிட்டு வந்ததும் ஒரு தடவை என்று இரண்டு தடவை ரத்தம் வேண்டும். போன தடவை எடுத்ததே எதற்கு என்று தெரியவில்லை, மறுபடியுமா என்று முனகினார்கள். ஜெயந்தி என்னைப் பார்த்தார். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று கேட்கும் பார்வை.

“போன தடவ நாங்க எடுத்த நேரம் தப்பு. அதனால சொன்னதும் தப்பா இருக்கலாம். சரிபார்க்க வந்திருக்கோம்,” என்றேன்.

முன்னால் நின்ற ஒருவர், “அப்ப சரி, எடுத்துக்கங்க,” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள். உண்மையைச் சொன்னால் நம்மை நம்பமாட்டார்கள் என்ற பயம் படித்தவர்களுக்குத்தான் அதிகம் என்று அன்று தோன்றியது. ஒத்துழைக்க அவர்களுக்கு வேறு எந்தக் காரணமும் தேவைப்படவில்லை.

விடியற்காலைக் குழாய்கள் எல்லாமே நகரத்துப் பெண்களின் அளவில் இருந்தன. வேலைக்குப் பிந்தைய குழாய்கள் எங்கள் பழைய முடிவுகளின் அளவில் இருந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

தாளைப் பேராசிரியரின் மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் நேரம் எடுத்துப் படித்தார். ஒரு தடவை பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு கேட்டார்.

“எத்தன பேர்கிட்ட நோய் இருக்குன்னு சொல்லியிருக்கோம்?”

“பதினோரு பேர் சார்.”

“குழு அப்புறம். முதல்ல அவங்க.”

அவரைப் பற்றி உங்களிடம் பல பேர் பல விதமாகச் சொல்வார்கள். கோபக்காரர் என்பார்கள், அது உண்மை. நாலு நாள் முன்பு கடைசிப் பக்கக் குறிப்பு போதும் என்று சொன்னவரும் அவர்தான். ஆனால் எண்கள் கைக்கு வந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி இது. ஒரு தவறு வெளிப்படும்போது உங்களுக்குத் தோன்றும் முதல் எண்ணம் எப்படியும் உங்களைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதில் குற்றமில்லை. வாய்விட்டுக் கேட்கும் முதல் கேள்வியை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

குழு வந்தபோது பேராசிரியரே எழுந்து எங்கள் தவறைச் சொன்னார். நேரத்தை மட்டும் திருத்திக்கொண்டு திட்டத்தைத் தொடரலாமே என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அவருக்கு உதவி செய்யும் எண்ணத்தில் கேட்டதுதான். முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்கு முன் ஒரு ஊருக்கும் கொண்டுபோகக் கூடாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். விரிவாக்கம் நின்றது. இப்போது நீங்கள் செய்யும் வேலையில், காலையில் வேலைக்குப் போகும் முன், அரைமணி நேரம் உட்காரவைத்த பிறகே ரத்தம் எடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அது அந்தச் சமயத்தில் எழுதியது.

வளர்மதிக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தோம். கணவரை வரவழைத்து ஸ்கேன் படத்தைக் காட்டிப் பேராசிரியர் பேசினார். அதன் பிறகு வளர்மதி நடவுக்குப் போவதை விட்டுவிட்டு, நாற்றங்காலில் நின்றபடி செய்யும் வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் ஓய்வு பெறும்வரை வருடம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார். தேய்மானம் நிற்கவில்லை, மெதுவாகத்தான் போனது. எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

பத்துப் பேரை ஊரிலேயே பார்த்துச் சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் திட்டினார். பதினோராவது ஆளான கலைச்செல்வியைத் தொலைபேசியில் பிடித்தேன். பின்னால் தையல் இயந்திரங்களின் சத்தம். முழுவதையும் கேட்டுவிட்டு, பொங்கலுக்கு வருவேன், நேரில் சொல்லுங்க என்று வைத்துவிட்டார்.

அவர் பழைய வேலைக்குத் திரும்பி வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குள் நடவு ஆட்களை அழைத்துப்போகும் பொறுப்பு வேறொருவருக்குப் போயிருந்தது, திருப்பூரிலும் அவர் வேலை பழகிவிட்டிருந்தார். அடுத்த வருடம் மகளையும் அங்கே கூட்டிக்கொண்டார். அவர் அங்கே நன்றாக இருக்கிறார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதனால் என் தவறு சிறியதாகிவிடவில்லை. அவர் தானாக முடிவெடுத்துப் போயிருந்தால் அது வேறு. நான் சொன்ன பொய்யான எண்ணைக் கேட்டுவிட்டுப் போனார்.

காணும் பொங்கல் கழிந்த மறுநாள் காலை மாமியாரோடு வந்தார். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பேராசிரியர் கலைச்செல்வியின் இரண்டு முழங்கால்களையும் பரிசோதித்தார். ஓய்வாக இருந்த நிலையில் ரத்தம் எடுத்தோம், ஸ்கேனும் எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது. என் அறையில் உட்காரவைத்து முடிவைச் சொன்னேன்.

“அன்னைக்கு வாய்க்கால்ல வந்து சொன்னது நீங்கதான?” என்றார்.

“நான்தான்.”

“இன்னைக்குச் சொல்றதும் நீங்கதான். எத நம்புறது மேடம்?”

ரத்தம் எடுத்த நேரத்தையும் எண்களையும் காட்டி விளக்கினேன். கேட்டுக்கொண்டார். அவர் புரிந்துகொண்டதில் எனக்குச் சந்தேகமில்லை. இருபது பேரின் வேலையை மணிக்கணக்கில் பிரித்துக் கொடுத்தவர் அவர். பிறகு, எழுதிக் கொடுங்கள் என்றார். ஊரில் வியாதிக்காரி என்று பெயர் வந்துவிட்டது, போன இடத்திலும் அது தொடர்கிறது, வீட்டில் காட்ட ஒரு தாள் வேண்டும் என்றார்.

ஆய்வகத்தின் தாளில் எழுதினேன். வருடக்கணக்காக அறிக்கை எழுதிப் பழகிய கை. மேற்படி நபருக்கு வழங்கப்பட்ட பரிசோதனை முடிவில் தவறு நேர்ந்துள்ளது, மூட்டில் நோய் எதுவும் கண்டறியப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார்.

“தவறு நேர்ந்துள்ளதுன்னு போட்டிருக்கீங்க. யாரு பண்ணுனதுன்னு இல்லையே. இதப் படிச்சா நான்தான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன்னு நினைப்பாங்க.”

அடுத்த வரியில் விரலை வைத்தார்.

“அப்புறம் இது. கண்டறியப்படவில்லைன்னா? இருக்கு, ஆனா உங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தமா?”

தாளைத் திரும்ப வாங்கி, கிழித்துவிட்டு, வேறு தாள் எடுத்தேன். இந்தத் தடவை எழுத நேரமாயிற்று. ஒவ்வொரு வரிக்கும் கை பழைய வழியிலேயே போகப் பார்த்தது. கடைசியில் இப்படி எழுதினேன்: கலைச்செல்விக்கு முழங்கால் நோய் தொடங்கியிருக்கிறது என்று நான் சொன்னது தவறு. வேலை முடித்து வந்தவரிடம் தவறான நேரத்தில் ரத்தம் எடுத்தது நாங்கள். இப்போது மறுபடி பரிசோதித்தோம். அவருடைய இரண்டு முழங்கால்களும் நன்றாக இருக்கின்றன.

அவர் படித்துவிட்டுத் தலையசைத்தார். நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. வெளியே போய் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் படிக்கத் தெரியாததால், ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கதவு திறந்திருந்தது. நான் எழுதியதை இன்னொருவர் குரலில் முழுதாகக் கேட்டது அதுவே முதல் தடவை.

மாமியார் கடைசிவரை கேட்டுவிட்டு, “இத யாரு எழுதுனது?” என்று கேட்டார்.

கலைச்செல்வி திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக என்னைக் கையால் காட்டினார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன்.